தளம் போட்ட நாள்

வீடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதில்தான் அவர்களுக்குள் முதல் சண்டை வந்தது. கலிரோயி சரிவின் நடுவில், இடுப்பளவு முள்புதருக்குள் நின்றுகொண்டு, ஒரு கையால் தலைமுடியையும் மறு கையால் போனையும் அழுத்திப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தாள். வடகாற்று அவள் வாயிலிருந்தே வார்த்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. மறுமுனையில் அவள் கணவன் சிதெரிஸ் இருந்தான். பிரேசில் கரைக்கு வெளியே, துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் நங்கூரமிட்டுக் கிடந்த சரக்குக் கப்பலில் அவன் தலைமை இன்ஜினியர்.

"கடல் தெரியவே கூடாதா? ஆந்த்ரோஸ்ல, இப்படி ஒரு மேட்டுல வீட்டைக் கட்டிட்டு, கடல் தெரியக் கூடாதுன்னு சொல்ற ஒரே ஆள் நீதான்!"

"முப்பது வருஷம் பாத்தாச்சு. போதும்."

"நீ எங்க பாத்த? கேப்டன் பாத்தாரு. நீ கப்பலோட வயித்துக்குள்ள உக்காந்து எண்ணெயத்தான பாத்த?"

"நான் பாக்கலைன்னாலும் அது என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. அது பத்தாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சண்டையில் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். காற்றில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தாள். "சிரிச்சிட்ட" என்றான் அவன்.

கிரேக்கத்தின் ஆந்த்ரோஸ் தீவில், அது சிதெரிஸின் அப்பா பார்லி விதைத்த நிலம். சரிவை வெட்டிப் படிப்படியாகத் தட்டாக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் கல்சுவர் கொடுத்திருந்தார்கள். உயரமான பலகைக் கற்களை நட்டு, நடுவில் சின்னக் கற்களை அடுக்கிய சுவர். அவர் போன பிறகு யாரும் விதைக்கவில்லை. கிழக்கே கீழே விரிகுடா. மேற்கே திரும்பினால் ஓடைப் பள்ளத்தாக்கு. அதில் ஈட்டி ஈட்டியாக சைப்ரஸ் மரங்கள், கோடையிலும் வற்றாத ஒரு பச்சை. சிதெரிஸுக்கு அந்தப் பள்ளத்தாக்கு வேண்டும். கலிரோயிக்குக் கடல் வேண்டும்.

தீவில் பாதி வீடுகள் கட்டடக் கலைஞரான அவள் வரைந்தவை என்று சொல்வார்கள். பாதி இல்லை, ஆனாலும் நிறைய. எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு. வெள்ளைப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் நீச்சல்குளம், குளத்துக்கு அப்பால் கடல். கோடை முடிந்ததும் பூட்டுவார்கள். அடுத்த கோடையில்தான் திறப்பார்கள். சிதெரிஸின் அக்கா மாரூசோ ஒருமுறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "நீ கட்டின வீடுங்கள்ல மனுஷங்கள விட பல்லிதாண்டி அதிகமா குடியிருக்கு."

கலிரோயிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மழை, காற்று, வெயில், அந்த மண்ணின் நிறம் இவற்றில் எதையும் கேட்காமல் கட்டிய வீடுகள். ஏசியை நிறுத்தினால் அடுப்பு. ஐம்பதைத் தாண்டிய வயதில், முதல்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு வரைய உட்கார்ந்தபோது, இந்தச் சரிவுக்கு ஏற்கெனவே ஒரு உருவம் இருக்கிறது, அதற்குள் போய் அடங்கிக்கொள்கிற மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். மூன்று தட்டு, மூன்று அறை. எதுவும் பழைய சுவரின் உயரத்தைத் தாண்டாது. அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது வரும் கல்லிலேயே சுவர். கூரை தட்டையான கான்கிரீட் தளம், அதன் மேல் ஒரு முழம் மண், மண்ணில் காட்டுத் தைம் செடிகள். மழைத் தண்ணீர் முழுவதும் அடியில் இருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும்.

அந்த வசந்தத்தில் சிதெரிஸ் விடுப்பில் வந்தான். கப்பலில் இருந்து இறங்கியவனுக்கு முதல் ஒரு வாரம் தரை ஆடும். ஆடுகிற கால்களோடு அவளுடன் நிலத்துக்கு வந்து, ஒவ்வொரு தட்டிலும் மல்லாந்து படுத்துப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"கட்டில் எங்க போடறதுன்னு பாக்கறேன். இங்க சத்தம் கேக்குது. அங்க கேக்கல."

முற்றம் எங்கே வர வேண்டும் என்பதற்கு அவன் ஒரு வழி சொன்னான். நாணல் கழிகளை வெட்டிவந்து, அவனுடைய பழைய சட்டையைக் கிழித்து நாடா நாடாவாகக் கட்டி, சரிவு முழுக்க நட்டார்கள். காற்று எழும்பியதும் நாடாக்கள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி துடித்தன. மேல் தட்டில், ஒரு பெரிய பாறைக்குத் தெற்கே நட்ட நான்கைந்து மட்டும் அசையாமல் தொங்கின. கலிரோயி அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு போட்டாள். முற்றம் அங்கேதான்.

மாரூசோ கீழே கிராமத்தில் எலுமிச்சைத் தோப்பை ஒட்டி இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது சிதெரிஸ் கைக்குழந்தை. அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். மேலே ஏறிவந்து, நாடாக்களையும் சுண்ணாம்புக் கோட்டையும் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"கூரை மேல மண்ணைப் போட்டு மூடப் போறீங்களாமே. இது வீடாடா, கல்லறையா?"

"கோடையில குளுகுளுன்னு இருக்கும் அக்கா" என்றாள் கலிரோயி.

"கல்லறையும்தான் குளுகுளுன்னு இருக்கும்."

"அப்ப உனக்கும் ஒரு ரூம் போடச் சொல்றேன்" என்றான் சிதெரிஸ். மாரூசோ கையில் இருந்த எலுமிச்சம்பழத்தால் அவனை அடித்தாள். ஐம்பத்தைந்து வயது ஆள், முதுகைத் தேய்த்துக்கொண்டு முள்புதருக்குள் ஓடினான்.

கடல் ஜன்னல் விஷயம் மட்டும் தீரவில்லை. கலிரோயி சமையலறையின் கிழக்குச் சுவரில் ஒன்று வரைந்தாள். பெரிதாக இல்லை, மேஜையில் உட்கார்ந்தால் விரிகுடாவும் அதற்கு அப்பால் கப்பல் போகும் வழியும் தெரிகிற அளவுக்கு. அவன் அதைப் பார்த்துவிட்டு பென்சிலால் தட்டினான்.

"இது எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"என்னத்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் செய்துகொண்டிருக்கிறாள். அவன் கப்பல் அந்தப் பக்கம் வரவே வராது, உலகத்தின் வேறு மூலையில் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், தீவின் தலைநகரான ஹோராவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் நின்று, காப்பி ஆறும்வரை கடலைப் பார்ப்பாள். அதற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

"இனிமே நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்றான் சிதெரிஸ். "அப்புறம் அங்க யாரைத் தேடப் போற?"

விடுப்பு முடிந்து போனான். ஓய்வுக்கு முந்தின கடைசிப் பயணம். போய் ஒரு மாதம் கழித்து, ஆப்பிரிக்கக் கரையில் எங்கோ இருந்து கூப்பிட்டான்.

"சரி, வெச்சுக்கோ உன் ஜன்னலை. ஆனா ஒரு கண்டிஷன். என் நாற்காலி கடலுக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கும்."

"அப்ப நான் எதிர்ல உக்காந்தா, உன் மூஞ்சியும் பின்னாடி கடலும் தெரியும்."

"ஆமா. ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்துக்கோ. யாருக்குக் கிடைக்கும்?"

அவள் அன்றே மேஜையை வரைந்தாள். அவன் நாற்காலியையும் அதே இடத்தில் வரைந்தாள்.

மேஸ்திரி பெத்ரித் கோடை முழுவதும் வேலை செய்தான். இளைஞனாக இருந்தபோது அல்பேனியாவிலிருந்து வந்தவன். இப்போது அவன் பிள்ளைகள் தீவின் கொச்சையை மாரூசோவை விட நன்றாகப் பேசுவார்கள். தோண்டத் தோண்டக் கல் வந்தது; பச்சையும் சாம்பலும் கலந்த தட்டைக் கல். சுவர்கள் பழைய தட்டுச் சுவர்களிலிருந்தே முளைத்து வந்த மாதிரி எழுந்தன. "மேடம், இது புது வீடுன்னே யாருக்கும் தெரியாது" என்று குறைப்பட்டுக்கொண்டான் பெத்ரித். "நான் கட்டினேன்னு எப்படி வெளியில சொல்லிக்கறது?"

அக்டோபரில் காற்று அடங்கியது. தளம் போட நாள் குறித்தார்கள். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்து, முந்தின நாளே கலிரோயி ஒவ்வொரு கம்பியாகக் குனிந்து பார்த்தாள். தளம் போடுகிற நாளில் வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். அந்தப் பொறுப்பை மாரூசோ எடுத்துக்கொண்டாள். "நீ சமைச்சா தளம் இறங்கிடும்" என்றாள்.

காலையில் கான்கிரீட் லாரிகள் மேட்டுச் சாலையில் வரிசையாக வந்து நின்றன. பம்பின் நீளக் குழாய் பாறைக்கு மேலாக வளைந்து வந்து சாம்பல் நிறக் குழம்பைக் கக்க ஆரம்பித்தது. ஆட்கள் முழங்கால் பூட்ஸோடு அதற்குள் நின்று தள்ளினார்கள். வைப்ரேட்டர் அலறியது. படுக்கையறைப் பக்கம் முடிந்து சமையலறைப் பக்கம் பாதி வந்திருந்தபோது அவள் சட்டைப்பையில் போன் துடித்தது. பிரேயஸ் எண். கப்பல் கம்பெனி.

தளத்தின் ஓரத்தில், சாரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எடுத்தாள். ஒரு ஆண் குரல், மிக மரியாதையாக, அவள் முழுப் பெயரைச் சொல்லி, அவள்தானா என்று கேட்டது. ஆமாம் என்றாள். உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்று பொய் சொன்னாள். காலை ஷிஃப்டுக்கு அவர் வரவில்லை என்றது அந்தக் குரல். கேபினுக்குப் போய்ப் பார்த்தார்களாம். தூக்கத்திலேயே. இதயம். வலி இருந்திருக்காது என்று கேப்டன் சொல்லச் சொன்னாராம்.

"சரி" என்றாள் கலிரோயி. "சத்தமா இருக்கு. நான் அப்புறம் கூப்பிடறேன்."

போனைப் பையில் வைத்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பெத்ரித் கையை ஆட்டிக் கூப்பிட்டான். "மேடம்! இந்த மூலையில சரிவு போதுமா? தண்ணி தொட்டிப் பக்கம் போகுமா?"

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். மட்டக்குழாயை வைத்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு விரல் இறக்கணும்" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. காலையில் போட்டதும் நாளைக்குப் போடப்போவதும் ஒட்டாது. அந்த இணைப்பில் வெடிப்பு விடும். மேலே மண் போட்ட கூரையில் காலத்துக்கும் தண்ணீர் கசியும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அப்போது அவள் இதையெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அடுத்த லாரி வந்தது. அதைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். வைப்ரேட்டர்காரன் ஒரே இடத்தில் அதிக நேரம் வைத்திருந்தான், அவனைத் திட்டினாள். வெயில் முதுகில் சுட்டது. ஒவ்வொரு லாரி காலியாகும்போதும் இன்னும் ஒன்று வராதா என்று இருந்தது.

மதியம் கழிந்து மாரூசோ ஏறிவந்தாள். பின்னால் பக்கத்து வீட்டுக்காரனின் கழுதை, இரண்டு பக்கமும் பாத்திரங்களோடு. உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் போட்டு தடிமனாகச் சுட்ட முட்டை அடை, அடுப்பில் வெந்த ஆட்டுக்கறி, ரொட்டி, ஆலிவ், ஒரு பெரிய ஜாடியில் ஒயின். பாறை நிழலில் துணி விரித்தாள்.

"வாங்கடா, கை கழுவுங்க! பெத்ரித், உன் ஆளுங்க பூட்ஸோட சாப்பாட்டுல கால வெச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

பாதிப் பேர் வேலையில் இருக்க, பாதிப் பேர் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். மாரூசோ எல்லோருக்கும் ஒயின் ஊற்றி, கோப்பையைத் தூக்கினாள். "என் தம்பி வர்றதுக்குள்ள கூரை வந்துடுச்சு. இனிமே அவன் வெயில்ல காயவேண்டாம். அவன் தலையில முடி வேற இல்ல!" ஆட்கள் சிரித்தார்கள். மாரூசோவும் சிரித்தாள்; கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் சின்ன வயதில் கோழிக்கூண்டின் கூரையில் ஏறி, கூரையோடு உள்ளே விழுந்த கதையைச் சொன்னாள். கலிரோயி தளத்தின் மேலிருந்து அதைக் கேட்டாள்.

"நீ ஏண்டி நிக்கற? வந்து ஒரு வாய் சாப்பிடு."

"முடிச்சிட்டு வரேன் அக்கா."

சூரியன் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்தபோது கடைசி லாரியும் காலியானது. பெத்ரித் மேற்பரப்பைத் தேய்த்து முடித்து, எழுந்து முதுகை நிமிர்த்தினான். தளம் ஒரே துண்டாக, ஈரமாக, வானத்தின் நிறத்தில் கிடந்தது. மாரூசோ பாத்திரங்களைக் கழுதையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கலிரோயி இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மாரூசோ உடனே அழவில்லை. "எப்ப?" என்று கேட்டாள்.

"காலையில. கப்பல்ல. தூக்கத்துலயே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

கலிரோயி பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் போன் வந்தது என்று சொல்லியிருக்கலாம். "மதியத்துக்கு முன்னாடி" என்றாள்.

மாரூசோ கையை உருவிக்கொண்டாள். அவள் முகம் மாறிய விதத்தை கலிரோயி அதன் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள். "நான் சிரிச்சுக்கிட்டு சோறு போட்டுட்டிருந்தேன்" என்றாள் மாரூசோ மெதுவாக. "அவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். நீ மேல நின்னு பாத்துக்கிட்டிருந்த." பிறகு கழுதையையும் பாத்திரங்களையும் அங்கேயே விட்டுவிட்டு, சரிவில் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். அவள் கீழே எலுமிச்சைத் தோப்புக்குள் போன பிறகுதான் அலறல் கேட்டது. பெத்ரித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

உடல் வந்து சேர வெகுநாள் ஆனது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. கடைசியில் ரஃபீனா துறைமுகத்திலிருந்து வண்டிகளை ஏற்றிவரும் படகில், காய்கறி லாரிகளுக்கு நடுவில் அவன் வந்தான். அடக்கத்தில் மாரூசோ பெட்டியின் தலைமாட்டில் நின்றாள், கலிரோயி கால்மாட்டில். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு, இறந்தவர் பேரில் படைக்கும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையை மாரூசோ தனியாகச் செய்து எடுத்து வந்தாள். கலிரோயியும் ஒரு தட்டு செய்திருந்தாள். பாதிரியார் இரண்டையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

கிராமத்தில் பேசிக்கொண்டார்கள். "செத்த சேதி வந்தும் கான்கிரீட்டைப் பாத்தவ" என்று. கலிரோயி ரொட்டிக் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. அவள் எதையும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? நடந்தது அதுதான்.

குளிர்காலம் முழுவதும் வீடு கதவில்லாமல் கிடந்தது. தளத்துக்கு மறுநாள் முதல் தண்ணீர் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். கலிரோயிக்கு அந்த நினைவே இல்லை. பெத்ரித் தினமும் பைக்கில் வந்து குழாயைப் பிடித்திருக்கிறான். ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்கு அது தெரிந்தது.

பிப்ரவரியில், பாதாம் மரங்கள் பூத்த பிறகு, அவள் முதல்முறையாக மேலே போனாள். சமையலறைக்குள் நின்றாள். மேஜை இல்லை, நாற்காலி இல்லை. கிழக்குச் சுவரில் அவள் கேட்டு வாங்கிய சதுரம் மட்டும் இருந்தது. அது முழுக்கக் கடல். அவள் எந்த இடத்தில் நின்றாலும் அது தெரிந்தது. வரைந்தபோது அவள் மனதில் அந்தக் கடலுக்கு முன்னால் ஒரு தலை இருந்தது. வழுக்கைத் தலை, அவளைப் பார்த்துச் சிரிக்கும் முகம். அது இல்லாமல் இந்தச் சதுரத்தை அவள் ஒருநாள்கூடக் கற்பனை செய்து பார்த்ததில்லை.

வெளியே வந்து பெத்ரித்துக்கு போன் செய்தாள். "கிழக்கு ஜன்னலை அடைச்சிடு."

"மேடம், லின்டல் எல்லாம் போட்டாச்சு. கண்ணாடி ஆர்டர் குடுத்தாச்சு."

"கண்ணாடி வேண்டாம்னு சொல்லிடு. கல் வெச்சு அடை."

"கொஞ்ச நாள் போகட்டுமே. பொறுமையா யோசிச்சு..."

"பெத்ரித். அடைன்னா அடை."

அவன் வந்தான். மிச்சம் கிடந்த கற்களைப் பொறுக்கிக் குவித்து, கலவை குழைத்து, முதல் வரிசை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மாரூசோ. கறுப்பு உடையில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள். ஏறிவந்த மூச்சு வாங்கியது.

"ரொட்டிக் கடையில சொன்னாங்க. அவன் உனக்குன்னு விட்டுக்குடுத்த ஜன்னலை அடைக்கறியாமே."

"ஆமா."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடி? அன்னைக்கும் கல்லு மாதிரி நின்ன. இன்னைக்கும் கல்லைத்தான் வெக்கற."

பெத்ரித் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தான். கலிரோயி அவனைத் தடுத்தாள். "நீ இரு. அன்னைக்கு நீயும் இருந்த." பிறகு மாரூசோ பக்கம் திரும்பினாள். அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லத் தனக்குத் தெரியும் என்றே அவள் நினைத்திராத ஒன்றை, சொன்னாள்.

"தளம் வெடிச்சிடும்ங்கறதுக்காக நான் வேலையை நிறுத்தாம இருக்கல அக்கா. ஊருல அப்படித்தான் பேசறாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். அது இல்ல. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு. இந்தத் தீவில வேற யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கற வரைக்கும் அவன் இங்க உயிரோட இருந்தான். நீ அவனைத் திட்டின, அவன் மொட்டைத் தலையைச் சொன்ன, கோழிக்கூண்டுல விழுந்த கதை சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மேல நின்னு கேட்டேன். சொன்னா நின்னுடும். இன்னும் ஒரு லாரி வரட்டும், இன்னும் ஒரு லாரி வரட்டும்னு பாத்தேன். உன்னை ஏமாத்தணும்னு இல்ல அக்கா. எனக்கு அவன் கொஞ்ச நேரம் வேணும்னு இருந்துச்சு."

மாரூசோ தளத்தின் அடிப்புறத்தை, பலகையின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்த அந்தச் சாம்பல் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பெத்ரித் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்காகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த ஒரு மத்தியானத்தை எனக்கும் குடுத்த" என்றாள் கடைசியில். "அதுக்கு உன்னை அடிக்கறதா, கும்புடறதா? எனக்குத் தெரியல. இன்னும் தெரியல."

"எனக்கும் தெரியல அக்கா."

மாரூசோ ஜன்னல் பக்கம் போனாள். பாதி வைத்த வரிசைக்கு மேலாகக் கடலைப் பார்த்தாள். அவள் அப்பாவும் நிலத்துக்குத் திரும்பும்வரை மாலுமிதான், மாமாக்களும். அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். என்னவோ சொல்லப் போகிறாள், ஜன்னலை விட்டுவிடு என்று கெஞ்சப் போகிறாள் என்று கலிரோயி எதிர்பார்த்தாள்.

"அடை" என்றாள் மாரூசோ. "நல்லா அடை. பாத்து என்ன கிழிச்சோம்?"

குனிந்து குவியலில் இருந்து ஒரு கல்லை எடுத்து பெத்ரித்திடம் நீட்டினாள். அவன் தயங்கி வாங்கி வைத்தான். கலிரோயி அடுத்ததை எடுத்தாள். அப்படியே போனது. கல் ஒவ்வொன்றும் வைக்க வைக்க அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது. அலைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கல் பொருந்தியதும் சத்தம் முழுதாக நின்றது. எதிர்ப்பக்க வாசல் வழியாக முற்றமும் அதற்கு அப்பால் பள்ளத்தாக்கின் பச்சையும் மட்டும் தெரிந்தன. நீ கேட்டபடியே ஆகிவிட்டது பார், என்று கலிரோயி மனதுக்குள் அவனிடம் சொன்னாள். ஜெயித்துவிட்டாய். அப்போதுதான், அவனை அடக்கம் செய்த நாளில்கூட அழாதவள், வெறும் தரையில் உட்கார்ந்து அழுதாள். மாரூசோ பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. ஆனால் போகவும் இல்லை.

வீடு முடிந்தது. கூரையில் மண் போட்டு, இலையுதிர் காலத்து மழையில் தைம் வேர் பிடித்தது. இரண்டு வருடம் கழித்து ஏதென்ஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காக ஒரு பெண்ணும், படம் எடுக்க ஒரு ஆளும் வந்தார்கள். அந்தப் பெண்ணும் கட்டடக்கலை படித்தவள். சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். நிலத்தோடு இப்படி ஒன்றிப் போன புது வீட்டை இந்தத் தீவுகளில் தான் பார்த்ததே இல்லை என்றாள். சமையலறைக்குள் வந்ததும் கிழக்குச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்குப் பின்னாடி விரிகுடா இருக்கு இல்லையா? நாங்க எல்லாரும் கடல் தெரியணும்னே கட்டறோம். நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. இதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்! எப்படித் தோணுச்சு?"

"காத்து" என்றாள் கலிரோயி. "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி."

பெண் அதை எழுதிக்கொண்டாள். படம் எடுப்பவன் சுவரை மட்டும் தனியாக ஒன்று எடுத்தான்.

மாரூசோ முற்றத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போய்விட்டு இங்கே ஏறி வருவாள். வீட்டுக்குள் மட்டும் வரமாட்டாள். ஜன்னலை அடைத்த நாளுக்குப் பிறகு ஒருமுறையும் வந்ததில்லை. குடிக்கத் தண்ணீர்கூட வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்குக் காரணம் அவளும் சொன்னதில்லை, கலிரோயியும் கேட்டதில்லை. வந்தவர்கள் கார் ஏறிப் போனதும் கலிரோயி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை மொச்சையை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"என்னடி சொல்லிட்டுப் போறாங்க?"

"நல்லா இருக்காம்."

"ம்." மாரூசோ ஒரு பூச்சி மொச்சையைத் தூக்கி எறிந்தாள். "செவ்வாக்கிழமை ஹோராவுல டாக்டரப் பாக்கணும். நெஞ்சுப் படம் எடுக்கணுங்கறாரு. பஸ்ல போயிக்கறேன்."

"நான் காருல கூட்டிட்டுப் போறேன்."

"வா. ஆனா அவர் எதாவது உங்கிட்டத் தனியா சொன்னா, வாசலுக்கு வர்றதுக்குள்ள எங்கிட்ட சொல்லிடணும். சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

கலிரோயி அவள் முகத்தைப் பார்த்தாள். அது கிண்டலா, கோபமா, பயமா என்று தெரியவில்லை. மூன்றும் இருக்கலாம்.

"சொல்லிடறேன் அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாரூசோ தலையாட்டினாள். இருவரும் மீதி மொச்சையை உரிக்க ஆரம்பித்தார்கள்.